முதல் கொலை அப்பீல் எடுத்திருக்கும் மகளுக்கு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய தீர்ப்பு நகலைப் படித்துவிட்டேன். வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் கையில் கேஸ் கட்டு கிடைத்தால் சும்மா இருப்பானா? சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை, ஹைகோர்ட் மதுரைக் கிளையில் அப்பீல். 60 நாள் கெடு, நகல் வாங்கப் பிடித்த நாட்கள் அதில் சேராது. அது உனக்கே தெரியும்.

'மருத்துவ சாட்சியம் கண்சாட்சியோடு ஒத்துப்போகவில்லை' என்பதை முதல் காரணமாக வைத்திருக்கிறாய். வேண்டாம் ஆத்தா. ஒரே கண்சாட்சியான செத்தவரின் தம்பி இரண்டு வெட்டு என்கிறார், பிரேதப் பரிசோதனையில் மூன்று காயம். அண்ணன் வெட்டுப்படும்போது எவன் எண்ணிக்கொண்டு நிற்பான் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். டாக்டர் சொல்வது அபிப்பிராயம். சாட்சி சொன்னபடி நடந்திருக்கவே முடியாது என்கிற அளவுக்கு மருத்துவம் போனால்தான் கண்சாட்சி விழும். 2010-இல் அப்துல் சயீத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது அதுதான். ஒரே சாட்சி என்பதும் எடுபடாது. முழுக்க நம்பத்தக்கவராக இருந்தால் ஒருவரே போதும் என்று 1957-இல் வடிவேலு தேவர் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. சொந்தக்காரர் சாட்சி என்றால், நிஜமாக வெட்டியவனை விட்டுவிட்டு வேறொருவனை எந்தத் தம்பி காட்டுவான் என்பார்கள்.

தம்பி எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, அடையாளம் கண்டாரா என்பதுதான் இங்கே கேள்வி. காயம்பட்டவரைக் கொண்டுவந்ததும் ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர் நகலை எடுத்துப் பார். கூட்டி வந்தவர் தம்பி. 'தெரியாத 3 பேர் அரிவாளால் வெட்டியதாக' என்று டாக்டர் எழுதியிருக்கிறார். போலீஸ் வருவதற்கு முன்னால் எழுதியது அது. எஃப்ஐஆரில் மூன்று பேர் ஒருவராகி, அதே ஊர்க்காரராகவும் ஆகிவிட்டார். நல்லவேளை, கீழ்க்கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் டாக்டரிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

வைத்தியம் பார்ப்பதுதான் டாக்டர் வேலை, எதிரி யாரென்று விசாரிப்பதல்ல என்று சர்க்கார் வக்கீல் சொல்வார். அதற்கும் தீர்ப்புகள் உண்டு. அதனால் இதைத் தனியாக நிறுத்தாதே. எஃப்ஐஆர் ராத்திரி 10 மணிக்குப் பதிவானதாம், அது கைக்கு வந்ததாக மாஜிஸ்திரேட் கையெழுத்தில் இருப்பது மறுநாள் மத்தியானம் 3 மணி. தாமதம் மட்டும் கேஸைக் கவிழ்க்காது. ஆனால் சம்பவம் நடந்த கண்மாய்க்கரையில் விளக்கு இருந்ததாக, இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரிலும் இல்லை, மாதிரி வரைபடத்திலும் இல்லை. மூன்றையும் சேர்த்துக் கட்டு.

தம்பியைப் பொய்யர் என்று மட்டும் எழுதாதே. இருட்டில் முகம் தெரியாமல், பழைய வரப்புத் தகராறை வைத்துச் சந்தேகப்பட்ட ஆளின் பெயரைச் சொல்லிவிட்டார் என்று எழுது. அவர்கள் வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது. நீ எதிரி பக்கம் ஆஜராவது தெரிந்து சந்தையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போகட்டும்.

திடீர்ச் சண்டை, கொலையாகாத மரணம் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 304-ஆம் பிரிவுக்குக் குறையுங்கள் என்ற மாற்று வாதத்தை உன் சீனியர் சேர்க்கச் சொல்வார். சேர்த்துக்கொள். ஆனால் ஆள் அங்கே இல்லவே இல்லை என்று வாதாடுகிறவள் அதில் ஆரம்பிக்கக் கூடாது.

அப்பீலோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் போட்டுவிடு. அந்த ஆளின் வீட்டுக்காரம்மா வந்து எப்போது வெளியே வருவார் என்று கேட்டால், மனு எந்தத் தேதியில் பட்டியலில் வருகிறது என்பதை மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பச்சி