தேக்குத் தரை, மாடிப்படி வேலையில் உள்ள குறைகள் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், மரத்தரை மற்றும் படிக்கட்டுப் பிரிவு

வணக்கம் சார்,

திருவான்மியூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தள ஹாலுக்குத் தேக்குப் பலகைத் தரையும் மாடிக்குத் தேக்குப் படிக்கட்டும் போட்டுக் கொடுத்தது உங்கள் கம்பெனிதான். ஆடியில் வேலை முடிந்தது, ஐப்பசி மழை பிடித்ததும் தரை எழும்ப ஆரம்பித்தது. போன் செய்தால் "மரம்னா அப்படித்தான் சார், கடற்கரைக் காத்து வேற" என்று ஒரே பாட்டு. அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன், போட்டோக்களும் இணைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி நடுவில் குழிந்து நிற்கிறது. சாயங்கால வெயில் விழும்போது ஹால் முழுக்க வரி வரியாகத் தெரிகிறது, வெறுங்காலில் நடந்தால் ஓரங்கள் உள்ளங்காலில் தட்டுகின்றன. சுற்றிலும் ஈட்டி மரத்தில் பார்டர் ஓட்டினீர்களே, அலங்கார வேலை என்று தனியாகக் காசு வாங்கி, அதில் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்த மூலைகள் வாய் பிளந்துவிட்டன. உங்கள் ஆள் வந்து மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பிவிட்டுப் போனார், அதுவும் உதிர்ந்தாயிற்று.

கடற்கரைக் காற்று நேற்று வந்ததா? ஈரத்துக்கு விரிந்து சுருங்கி அசைவது குறைவாக உள்ள மர ரகங்களில் ஒன்று தேக்கு, அதுவே இப்படி வளைகிறது என்றால் ஈரம் கீழிருந்து வருகிறது என்று அர்த்தம். மேலே ஏசி உலர்த்துகிறது, அடியில் கான்கிரீட் நனைக்கிறது, பலகை ஓரம் தூக்காமல் என்ன செய்யும்? கான்கிரீட் மேல் ஒரு பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டிருந்தால் அடியில் வேர்க்கிறதா என்று தெரிந்திருக்கும். அந்தச் சோதனையும் இல்லை, பலகைக்குக் கீழே போட்ட பிளைவுட்டுக்கு அடியில் ஈரத்தடுப்பு ஷீட்டும் இல்லை. லாரியில் வந்த பலகையை வீட்டுக் காற்றுக்குப் பழக விடாமல் மறுநாளே அடித்தீர்கள். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன், சுவரோரம் விட வேண்டிய 10, 12 மில்லிமீட்டர் இடைவெளிகூட இல்லாமல் பலகை சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மரம் அசையும்தான் சார், அது தெரிந்து வேலை செய்யத்தானே உங்களுக்குக் கூலி.

படிக்கட்டு இதைவிட மோசம். முதலில் வெறும் கான்கிரீட்டிலிருந்து அளந்து படிகளைப் பொருத்தினீர்கள், அப்புறம் கீழே ஹால் தரையில் 12 மில்லிமீட்டர் பிளைவுட், அதன்மேல் 18 மில்லிமீட்டர் பலகை, ஆகத் தரை 30 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. எல்லாப் படியும் 170 மில்லிமீட்டர் உயரம், முதல் படி மட்டும் 140. பார்த்தால் தெரியாது, காலுக்குத் தெரியும். இறங்கும்போது கடைசி அடியில் தரை எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே காலில் இடிக்கிறது, அம்மா இரண்டு முறை தடுமாறி கைப்பிடியைப் பிடித்து நின்றார். முதல் படி மேல் ஒரு பலகை ஒட்டிவிடலாம் என்கிறார் உங்கள் மேஸ்திரி! ஒட்டினால் இரண்டாவது படி 140 ஆகிவிடும், அவ்வளவுதான்.

தரையை மெஷினில் தேய்த்துப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றீர்கள், அதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஈரம் இருக்கும்போதே ஓரங்களைத் தேய்த்து மட்டமாக்கினால், கோடையில் காய்ந்ததும் நடுப்பகுதி புடைத்து நிற்கும்.

எனக்கு வேண்டியது இதுதான். பலகைகளையும் பிளைவுட்டையும் எடுத்து, கான்கிரீட் காய்ந்ததை அளந்து காட்டிவிட்டு, ஈரத்தடுப்பு ஷீட் விரித்து, சுவரோரம் இடைவெளி விட்டு மறுபடி போடுங்கள். நெளிந்து பிளந்த பலகையை மாற்றுங்கள், பார்டரைப் புதிதாகச் செய்யுங்கள். படிகள் அத்தனையையும் கழற்றி, மொத்த உயரத்தை மறுபடி பங்கிட்டு ஒரே அளவில் பொருத்துங்கள். எல்லாம் உங்கள் செலவில். அதுவரை பாக்கித் தொகைக்காக யாரும் போன் செய்ய வேண்டாம்.

வாரண்டியில் "மரத்தின் இயல்பான அசைவு அடங்காது" என்று ஒரு வரி இருப்பதைப் படித்தேன். ஷீட் விரிக்காததும் தப்பாக அளந்ததும் மரத்தின் இயல்பு இல்லை. 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். அங்கே வக்கீல் வைக்காமல் நானே வாதாடலாம், அளவுகளும் பில்லும் என் கையில் இருக்கின்றன.

பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால் ஈரம் அளக்கும் மீட்டர் கொடுத்து அனுப்புங்கள். போன தடவை வந்தவர் தரையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துப் போனார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், திருவான்மியூர்