கேள்வி தண்ணீரைப் பற்றித்தான், கவுன்சிலர் அண்ணே

அன்புள்ள கவுன்சிலர் அண்ணனுக்கு,

கொருக்குப்பேட்டையிலிருந்து உங்கள் வார்டுக்காரன் எழுதுகிறேன். பேர் போடவில்லை, ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் தெருப் பையன் ஒருத்தன் அடிபம்பில் வந்த தண்ணீரை வீடியோ எடுத்துப் போட்டான். பச்சைக் குடத்தில் தண்ணீர் விழுகிறது, மேலே நுரை, அடியில் கறுப்பு வண்டல், பக்கத்தில் நிற்கும் அவன் அம்மா "இதத்தான் கொழந்தைக்குக் குடுக்கணுமா, கவுன்சிலர் வந்து பாக்கட்டும்" என்கிறார். அவ்வளவுதான். கட்சிப் பேர் இல்லை, உங்கள் பேர்கூட இல்லை. அன்று ராத்திரியே உங்கள் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்து, வீடியோவை அழிக்க வைத்து, அவனை நிற்க வைத்து மன்னிப்புக் கேட்பதைப் படம் எடுத்து, அதை வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். மறுநாள் ஸ்டேஷனில் புகார் வேறு. இதைப் பற்றி ஏரியா சபைக் கூட்டத்தில் கேட்டால், "பின்னாடி யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்" என்கிறீர்கள்.

யாரும் இல்லை அண்ணே. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பழசாகிப் பக்கத்துப் பக்கத்தில் போகிற தெரு இது. கேபிளுக்கோ வடிகாலுக்கோ தோண்டும்போது எங்கேயோ உடைந்திருக்கும், குழாயில் தண்ணீர் விடாத நேரத்தில் சாக்கடை உள்ளே போகிறது, மோட்டார் போட்டு இழுத்தால் இன்னும் சேர்ந்து வருகிறது. இதைச் சரிசெய்ய வேண்டியது குடிநீர் வாரியம், மாநகராட்சி இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். "வாரியத்தில் சொல்லியிருக்கேன், லாரி வரும், அதுவரைக்கும் குடிக்காதீங்க" என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்தம்மாவே உங்களுக்கு நன்றி சொல்லியிருப்பார். நல்ல பதில் கையில் இருக்கும்போது ஆளை மிரட்டப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இடுப்பளவு தண்ணீரில் சாப்பாடு தூக்கி வந்தவர் நீங்கள். அன்றும் ஜனங்கள் உங்களைத் திட்டினார்கள், நீங்கள் கோபப்படவில்லை.

ஸ்டேஷன் புகார் எதற்கு? நக்கீரன் பத்திரிகை வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அரசாங்கமோ உள்ளாட்சி அமைப்போ அவதூறு என்று நஷ்டஈடு கேட்க முடியாது. பதவியில் இருப்பவரும், பேசியவர் உண்மையா பொய்யா என்றே பார்க்காமல் பேசினார் என்று காட்டினால் ஒழிய, தன் பதவி வேலையைப் பற்றிய பேச்சுக்காகக் கேட்க முடியாது. கிரிமினல் அவதூறுச் சட்டம் இன்னும் இருக்கிறது, 2016-ல் அது செல்லும் என்றும் தீர்ப்பு வந்தது, சரி. ஆனால் அதே வருஷம் அதே நீதிமன்றம்தான், வரிசையாக அவதூறு வழக்குப் போட்டுக்கொண்டிருந்த தமிழ்நாட்டு அரசைப் பார்த்து, பொது வாழ்க்கைக்கு வந்தவர்கள் விமர்சனத்தைத் தாங்கத்தான் வேண்டும் என்று கண்டித்தது.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில், தி.மு.க. தொடக்கக் கூட்டத்தில், கொட்டுகிற மழையில் நின்று அண்ணா பேச்சுரிமை, எழுத்துரிமை பற்றியும் பேசினார். திட்டியவர்களைப் பார்த்து "வாழ்க வசவாளர்கள்" என்றவர் அவர். உங்கள் ஆபீஸிலும் அவர் படம் மாட்டியிருக்கிறது.

உங்களுக்கும் இதில் நஷ்டம்தான். முன்பெல்லாம் அந்தக் குரூப்பில் எரியாத தெரு விளக்கு, அள்ளாத குப்பை, மூடாத மேன்ஹோல் என்று போட்டோ வந்துகொண்டே இருக்கும். இப்போது காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒருத்தர்கூட குரூப்பில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. யார் சொல்வார்கள்?

புகாரை வாபஸ் வாங்குங்கள். அந்த மன்னிப்பு வீடியோவை எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் பையன் வெளியே தலைகாட்டவே கூச்சப்படுகிறான். அப்புறம் ஒருநாள் விடியற்காலை தண்ணி விடுகிற நேரத்துக்கு வாரியத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வாருங்கள். திட்டு விழும், முதலில் அந்தம்மாதான் ஆரம்பிப்பார். அவர் பேசி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களோடு வருகிறவர்களும் குறுக்கே வரக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வார்டுக்காரன்