செங்டுவில் எட்டு வேளை பனீர் பட்டர் மசாலா: சுற்றுலா நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
பெயரும் முகவரியும் முன்பதிவுப் படிவத்தில் உள்ளபடி,
தஞ்சாவூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: 03.12.2025

பொருள்: செங்டு சுற்றுலாவில் ஒப்புக்கொண்ட உள்ளூர் உணவும் இடங்களும் வழங்கப்படாதது; பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நானும் என் மனைவியும் கடந்த நவம்பர் 16 முதல் 21 வரை தங்கள் நிறுவனத்தின் மூலம் சீனாவின் செங்டு நகருக்குச் சென்று வந்தோம். இதற்காகத் தலைக்கு ₹1,48,000 செலுத்தினோம். அதற்கு மேல், பயணத் திட்டத்தில் 'உள்ளூர் உணவு' என்று தனியாகக் குறிக்கப்பட்டிருந்த பகுதிக்குத் தலைக்கு ₹14,500 கூடுதலாகவும் செலுத்தினோம். ஆனால் எங்களுக்குக் காட்டப்பட்டவற்றில் பெரும்பகுதி கடைகள். பரிமாறப்பட்டதோ முழுக்க முழுக்க வட இந்தியச் சாப்பாடு. பயணத்தின்போதே தங்கள் அலுவலகத்துக்கு வாட்ஸப்பில் இருமுறை தெரிவித்தும் பயனில்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சீனாவில் எத்தனையோ நகரங்கள் இருக்க நாங்கள் செங்டுவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே சாப்பாடுதான். 2010-இல் யுனெஸ்கோ அந்நகரை உணவுக்கலை நகரமாக அறிவித்தது என்ற செய்தியைத் தங்கள் கையேடே முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. மொத்தம் ஒன்பது வேளைச் சாப்பாட்டில் ஏழு வேளை உள்ளூர் உணவகங்களில் என்றும், அவற்றில் ஒரு வேளை வென்ஷு மடாலயத்தின் சைவ உணவகத்தில் என்றும், கடைசி நாள் இரவு ஹாட்பாட் (மேசையில் கொதிக்கும் குழம்பில் நாமே வேகவைத்துச் சாப்பிடும் உணவு) என்றும் திட்டத்தில் தெளிவாக இருக்கிறது. நடந்தது என்னவென்றால், எட்டு வேளை நகரின் தெற்குப் பகுதியிலுள்ள ஓர் இந்திய உணவகத்துக்கே எங்கள் பேருந்து திரும்பத் திரும்பச் சென்றது. எட்டு முறையும் பனீர் பட்டர் மசாலா, ஜீரா சாதம், தால், நான் ஆகியவை மாறாமல் இருந்தன. மூன்றாம் நாள் மாற்றத்துக்காக ஒரு தட்டு 'செஷ்வான் நூடுல்ஸ்' கொண்டுவந்து வைத்தார்கள். செஷ்வான் என்று நாம் சொல்லும் சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு, தஞ்சாவூர் பேருந்து நிலையத்துத் தள்ளுவண்டியில் கிடைக்கும் அதே சிவப்புச் சாஸ் நூடுல்ஸைச் சாப்பிட நேர்ந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

ஒன்பதாவது வேளை நாங்களாகச் சாப்பிட்டது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தங்கள் வழிகாட்டி கடைசிவரை சொன்ன காரணம், "இந்த ஊர்ச் சாப்பாடு இந்தியர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, அதிலும் சைவம் கிடைக்கவே கிடைக்காது" என்பதுதான். 18-ஆம் தேதி இரவு நாங்கள் இருவரும் குழுவிலிருந்து விலகி, விடுதியருகே மெட்ரோ ஏறி, வென்ஷு மடாலயம் நிலையத்தில் இறங்கினோம். பக்கத்துத் தெருவில் நான்கே மேசைகள் கொண்ட ஒரு நூடுல்ஸ் கடை. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் 'இறைச்சி, முட்டை, மீன் வேண்டாம்' என்று காட்டியதும் கடைக்கார அம்மாள் தலையசைத்து, தியான்ஷுய் மியான் என்ற நூடுல்ஸை என் மனைவிக்குக் கொடுத்தார். விரல் தடிமனுக்கு நெருங்கிய கோதுமை இழைகள், மேலே இனிப்புச் சோயாக் குழம்பு, மிளகாய் எண்ணெய், எள், பூண்டு, அவ்வளவுதான். நான் தன்தன் நூடுல்ஸ் வாங்கினேன். அதிலிருந்த ஹுவாஜியாவோ என்னும் சிச்சுவான் மிளகு, பெயரில் மட்டுமே மிளகு. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த அது காரத்தைத் தருவதில்லை, நாக்கு நுனியில் எறும்பு ஊர்வதுபோல் மரத்துப்போகச் செய்கிறது. அந்த மரப்பும் மிளகாயின் காரமும் சேர்ந்ததைத்தான் அவர்கள் 'மாலா' என்கிறார்கள். இரண்டு கிண்ணத்துக்கும் சேர்த்து அலிபே செயலியில் 24 யுவான், நம் பணத்தில் ஏறத்தாழ முந்நூறு ரூபாய், செலுத்தினோம். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாத, அறுபதைக் கடந்த இருவருக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்த காரியம், ₹29,000 கூடுதலாக வாங்கிக்கொண்ட நிறுவனத்துக்கு ஐந்து நாளில் முடியவில்லை என்பதை நான் ஏற்பதற்கில்லை.

ஹாட்பாட் பற்றியும் எழுத வேண்டும். சிவப்பு ஹாட்பாட் குழம்பு பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில் காய்ச்சப்படுவது என்பதை நான் முன்பே அறிந்திருந்தேன். ஆகவே அக்டோபர் 28 அன்றே மின்னஞ்சலில் விளக்கம் கேட்டேன். கடுகெண்ணெய் வகைத் தாவர எண்ணெயில் செய்யும் 'சிங்யோ' குழம்பு அந்நகரில் பரவலாகக் கிடைக்கும் என்றும், நடுவில் தடுப்புள்ள பாத்திரத்தில் ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் காரமில்லாத காளான் சாறும் எங்களுக்கு ஏற்பாடு செய்யப்படும் என்றும் தங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்திலேயே பதில் வந்தது. அந்தப் பதிலைப் பார்த்துத்தான் மறுநாள் மீதித் தொகையைக் கட்டினேன். 20-ஆம் தேதி இரவு அதே மின்னஞ்சலை வழிகாட்டியிடம் காட்டியபோது, அப்படி ஒரு தகவல் தனக்கு வரவே இல்லை என்றார். பேருந்து வழக்கம்போல் இந்திய உணவகத்துக்குத் திரும்பியது.

இடங்களைப் பொறுத்தவரை, 17-ஆம் தேதி காலை 8 மணிக்குப் பாண்டா ஆய்வு மையத்தில் இருப்போம் என்பது திட்டம். 1987-இல் தொடங்கப்பட்ட அந்த மையம் காலை ஏழரைக்கே திறந்துவிடுகிறது. பாண்டாக்கள் மூங்கில் தின்று, மரமேறி, உருண்டு விளையாடுவதும் காலை வேளையில்தான். எங்களையோ முதலில் லேடெக்ஸ் மெத்தை விற்கும் கூடத்துக்குக் கொண்டுபோய் இரண்டு மணி நேரம் அடைத்து வைத்தார்கள். மையத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி 11.40. பார்த்த பாண்டாக்கள் எல்லாமே எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. சில சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வளாகத்தில் எங்களுக்குத் தரப்பட்ட நேரம் ஐம்பது நிமிடம்.

மக்கள் பூங்காவின் ஹெமிங் தேநீர்க்கடையில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தது. மூங்கில் நாற்காலியில் சாய்ந்து, மூடியிட்ட கிண்ணத்தில் வெந்நீர் திரும்பத் திரும்ப ஊற்றி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் மாஜோங் என்னும் கட்டை விளையாட்டை ஆடுபவர்களையும் இசைக்கவையைத் தட்டிக் காது சுத்தம் செய்பவர்களையும் பார்த்தபடி பொழுதைக் கழிப்பது அவ்வூராரின் அன்றாடம். அதுவும் நவம்பரில் அங்கே கிங்கோ மரங்கள் மஞ்சளாக நிற்கும். அந்தப் பூங்காவின் வாசலைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்தோம். மாறாக, ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் விரற்கடைக் கிண்ணங்களில் ஆறு வகைத் தேநீரைச் சுவைக்கத் தந்து, அரைக் கிலோ பொட்டலங்களை வாங்கும்படி வற்புறுத்தினார்கள்.

எனக்கு மிகுந்த மனவருத்தம் தந்தது 19-ஆம் தேதி. நான் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். செங்டுவிலிருந்து அதிவேக ரயிலில் அரைமணித் தொலைவிலுள்ள துஜியாங்யானைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர், மின் ஆற்றைக் குறுக்கே மறிக்காமல், மீனின் வாய்போன்ற ஒரு கரையால் நடுவில் இரண்டாகப் பிரித்து, வெள்ளத்தையும் வண்டலையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பாசன நீரை மறுபக்கம் செலுத்திய இடம் அது. நம் கல்லணையைப் போலவே இன்றும் வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. நகரத்தில் நாங்கள் சாப்பிட வேண்டியிருந்த சோறும் காய்கறியும் அந்த வாய்க்கால் நீரில் விளைந்தவை என்பதால் ஊரையும் உணவையும் அறிய வந்தவனுக்கு அது விட்டுவிடக்கூடிய இடமும் அன்று. கையேட்டில் தலைக்கு ₹9,800 மதிப்பிட்டுக் காட்டியிருந்த அந்தப் பயணத்தைச் 'சாலையில் நெரிசல்' என்று சொல்லிக் காலையிலேயே ரத்து செய்தார்கள். ரயிலில் போக வேண்டிய ஊருக்குச் சாலை நெரிசல் எப்படித் தடையாகும் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அன்று மூன்று மணி நேரம் ஜேட் கல் நகைக்கடையில் கழிந்தது. குழுவில் யாராவது ஏதாவது வாங்கினால்தான் பேருந்து கிளம்பும் என்ற நிலையில், என் மனைவி 2,600 யுவானுக்கு ஒரு வளையல் வாங்கினார்.

குறை மட்டுமே சொல்வது முறையல்ல. விசா ஏற்பாடு, சிங்கப்பூர் வழியான விமானப் பயணம், விடுதி ஆகியவற்றில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சுன்சி சாலை வணிக வளாகத்தின் உச்சியில் ஏறுவதுபோல் தொங்கும் பெரிய பாண்டாச் சிற்பத்தையும், குவான்ஷாய் சந்துகளையும் பார்த்தோம். ஓட்டுநர் மிகவும் கண்ணியமானவர்.

எங்கள் வாட்ஸப் புகாருக்கு, 'உள்ளூர்ச் சூழலுக்கேற்பத் திட்டம் மாறலாம்' என்ற நிபந்தனையை மட்டும் படமெடுத்து அனுப்பினீர்கள். மழையோ, சாலை மூடலோ, பூங்கா மூடலோ இருந்திருந்தால் அந்த நிபந்தனை செல்லும். விடுபட்ட இடங்கள் எல்லாம் அந்த நாட்களில் திறந்தே இருந்தன. அவற்றுக்கு மாற்றாக வந்தவை எல்லாம் கடைகளாகவே இருந்தன. சீனாவில் 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, பயணிகளைக் குறிப்பிட்ட கடைகளுக்கு அழைத்துச் சென்று தரகு பெறுவதைக் கட்டுப்படுத்துவதோடு, மீறல் நடந்தால் பயணம் முடிந்த 30 நாட்களுக்குள் பொருளைத் திருப்பித் தந்து பணம் பெறச் சுற்றுலா முகமையை நாடும் உரிமையைப் பயணிக்குத் தருகிறது. எங்கள் பயணம் நவம்பர் 21-இல் முடிந்தது என்பதால் டிசம்பர் 21-க்குள் தங்கள் செங்டு கூட்டாளி நிறுவனத்திடம் இதைக் கோர எங்களுக்கு உரிமை உண்டு. வளையலும் ரசீதும் பிரிக்கப்படாமல் என்னிடம் உள்ளன.

ஆகவே, உணவுக்காகக் கூடுதலாகப் பெற்ற ₹29,000, துஜியாங்யானுக்குரிய ₹19,600 ஆக மொத்தம் ₹48,600-ஐ இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறும், வளையலுக்கான 2,600 யுவானைத் திரும்பப் பெற்றுத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்; அது எனக்குத் தேவையில்லை. பணம் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சேவைக் குறைபாட்டுக்காகவும் தவறான விளம்பரத்துக்காகவும் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர அச்சட்டம் இடமளிக்கிறது என்பதால் நான் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

பயணத் திட்டத்தின் நகல், அக்டோபர் 28 மின்னஞ்சலும் அதற்கான பதிலும், பணம் செலுத்திய ரசீதுகள், வளையல் ரசீது, பாண்டா மையத்தில் எடுத்த நேரம் பதிந்த படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். நூடுல்ஸ் கடையில் 24 யுவான் செலுத்தியதற்கான அலிபே பதிவையும் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)