சில்வர் ஷேடோ: பெயர் ஒன்று, கார்கள் பல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பிரிட்டனின் பழைய சொகுசுக் கார்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்து வருபவன் என்ற முறையில், அதனுடன் இருந்த விவரப் பட்டியல் எனக்கு வருத்தம் அளித்தது. 1965 முதல் 1980 வரை உற்பத்தியான ஒரு காருக்கு ஒரே எஞ்சின், ஒரே கியர்பாக்ஸ் என்று ஒரே பட்டியலில் எழுதி முடித்துவிட இயலாது.

கட்டுரை குறிப்பிடும் 6,750 சி.சி. எஞ்சின் 1970-இல்தான் வந்தது. அதற்கு முன் கிரூ நகர ஆலையிலிருந்து வெளிவந்த ஷேடோக்களில் இருந்தது 6,230 சி.சி. வி-8 எஞ்சின், அது 1959-இலேயே சில்வர் கிளவுட் காரின் இரண்டாம் வரிசையில் அறிமுகமாகிவிட்டது. வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட தொடக்ககாலக் கார்களில் 4 வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தது, பின்னர் அது 3 வேகமாயிற்று. காரின் உயரத்தைத் தானாகவே சீராக்கும் அமைப்பு முதலில் முன்புறமும் பின்புறமும் இருந்தது. 1969-இல் முன்புறத்தில் மட்டும் கைவிடப்பட்டது. 1977-இல் வந்த இரண்டாம் வரிசையை ரப்பர் பம்பரைக் கொண்டு அடையாளம் காணலாம் என்று கட்டுரை சொல்வதும் பாதி உண்மையே. அமெரிக்க விதிகளின் பொருட்டு அந்நாட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் வரிசைக் கார்களிலும் அத்தகைய பம்பர் முன்னதாகவே பொருத்தப்பட்டுவிட்டது.

ஆகவே ஒரு ஷேடோ எந்த வகையைச் சேர்ந்தது என்ற ஆராய்ச்சியை, ஒவ்வொரு காருக்கும் ஆலை தனித்தனியே இட்ட சேஸிஸ் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். (தனிச் சேஸிஸ் இல்லாமல் உடலும் அடித்தளமும் ஒன்றாகவே அமைந்த முதல் ரோல்ஸ்-ராய்ஸ் இது, ஆயினும் பழைய வழக்கப்படி அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.) எண்ணுக்கு முன் எஸ், ஆர், எச் என்ற எழுத்துகள் இருந்தால், அது வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட ரோல்ஸ்-ராய்ஸ் சலூன், அதாவது நான்கு கதவுகள் கொண்ட கார். நடுவில் பி இருந்தால் அதன் உடன்பிறப்பான பென்ட்லி டி வரிசை. கடைசியில் எக்ஸ் இருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங். முதல் வரிசையின் எண்கள் 1001-இலும், இரண்டாம் வரிசையின் எண்கள் 30001-இலும் தொடங்குகின்றன. எண் கிடைத்துவிட்டால், இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயரின் பாலர்ஸ்பரி கிராமத்திலுள்ள ஹன்ட் ஹவுஸில் ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர் சங்கத்தின் பொறுப்பில் உள்ள ஆலைப் பதிவேடுகளை நாடலாம். அந்தக் கார் எந்த நிறத்தில், யாருக்காக, என்னென்ன கூடுதல் வசதிகளுடன் கட்டப்பட்டது என்பதை அறிய அவற்றைவிட நம்பகமான சான்று இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைக்குள்ளாக்கியது வேறொரு வரி. பிரான்ஸின் சிட்ரோயன் கார் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்ற, திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பு என்பதால், சிட்ரோயனைப் போலவே ஷேடோவிலும் கனிம எண்ணெயையே ஊற்ற வேண்டும் என்று கட்டுரை சொல்கிறது. இது பிழை. ஷேடோவுக்கு உரியது ஆர்.ஆர். 363 எனப்படும் பிரேக் திரவம். கனிம எண்ணெய் 1980-இல் வந்த சில்வர் ஸ்பிரிட் காருக்கு உரியது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் அமைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்; அதே அமைப்பின் அழுத்தத்தில்தான் பிரேக்கும் இயங்குகிறது. ஒரு பட்டறையில் இவ்வாறு தவறான எண்ணெய் ஊற்றப்பட்ட காரிலிருந்து கழற்றிய சீல் ஒன்றை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். வட்டமாக இருந்திருக்க வேண்டிய அது உப்பிப் பிதுங்கி, நகத்தால் தொட்ட இடத்தில் குழைந்தது. அந்த மெக்கானிக் கவனக்குறைவானவர் அல்லர். அச்சில் வந்த ஒரு பட்டியலை நம்பியே அவர் அதை ஊற்றினார்.

குதிரைத்திறன் பற்றியும் ஒரு சொல். அக்காலத்தில் அந்நிறுவனம் தன் எஞ்சின்களின் திறனை எண்ணாக வெளியிடாமல், ‘போதுமானது’ என்று மட்டுமே கூறி வந்தது. எனவே கட்டுரையில் கண்ட எண்ணை ஒரு மதிப்பீடு என்று குறிப்பிட்டிருக்க வேண்டும்.

மற்றத் திருத்தங்களுக்கு இடமில்லாவிட்டாலும், ஹைட்ராலிக் திரவம் பற்றிய திருத்தத்தையாவது வரும் ஞாயிறு இணைப்பிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், தெளிவாகத் தெரியும்படி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்