கட்டம் நிரப்பி வரைவதும் கைவேலைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினியில் வரைந்த படங்களை மாணவர் ஓவியப் போட்டிகளில் ஏற்கக் கூடாது, அவற்றை இயந்திரமே வரைந்துவிடுகிறது என்று கடந்த ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இக்காலத்துச் செயலிகளைக் குறித்து அவருக்குள்ள அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதே கையோடு, சிறு சிறு சதுரக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பி உருவம் வரையும் பிக்சல் ஓவியத்தையும் அவர் ஒதுக்கியது சரியன்று. சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் நடந்த போட்டி ஒன்றுக்கு, நான் அறிந்த மாணவி ஒருத்தி கட்டம் கட்டமாக நிரப்பி வரைந்து அனுப்பிய படம், ‘கையால் வரையப்படாதது’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

1984இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினியின் திரைச் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் கணினி படித்தவர் அல்லர். நுண்கலையில் முனைவர் பட்டம் பெற்றவர். மெக்கின்டாஷ் குழுவில் இருந்த பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டு இந்த வேலைக்கு அழைத்தபோது, அருங்காட்சியகம் ஒன்றுக்காகப் பன்றிச் சிலை செய்துகொண்டிருந்தார். கட்டத்தாள் குறிப்பேடு ஒன்றை வாங்கி, 32க்கு 32 என்று சதுரம் பிரித்து, அதற்குள்ளே குப்பைத்தொட்டியையும் தூரிகையையும் திரி எரியும் வெடிகுண்டையும் புன்னகைக்கும் கணினியையும் பென்சிலால் நிரப்பிப் பார்த்தார். 1,024 கட்டங்களில் ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. நடுவில் சாம்பல் நிறம்கூடக் கிடையாது. விசைப்பலகையின் கட்டளை (Command) விசைக்கு உருவம் கிடைக்காமல் சின்னங்களின் அகராதியைப் புரட்டியவர், சுவீடனில் பார்க்கத்தக்க இடத்தைச் சுட்டும் நான்கு வளையக் குறியைக் கண்டெடுத்தார். அது இன்றும் ஆப்பிள் விசைப்பலகைகளில் இருக்கிறது.

இவ்வகை ஓவியத்தைப் புள்ளிக் கோலத்தோடு ஒப்பிடுவார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. கோலத்தில் புள்ளி வழிகாட்டி மட்டுமே, கோடுதான் படம். இங்கோ புள்ளியே படம். தோட்டத்து வீடுகளில் நம் அக்காமார் துணியின் இழையை எண்ணி எண்ணித் தலையணை உறையில் போட்ட குறுக்குத் தையல்தான் இதற்கு நெருக்கம். கேரும் தம் வேலையை ஊசித்தையலோடும் மொசைக்கோடும் ஒப்பிட்டிருக்கிறார்.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. நான் தற்காலிக ஆசிரியராக இருந்த 1987இல், சிங்கப்பூரில் வேலை செய்த என் சித்தப்பா கொமடோர் 64 கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்தால்தான் அதில் படம் தெரியும். திரையில் நகரும் உருவத்துக்கு ஸ்பிரைட் என்று பெயர்; அகலம் 24 கட்டம், உயரம் 21. கணக்குப் புத்தகத்தில் ரப்பர்ப் பால் மரம் சீவும் ஆள் ஒருவரை வரைந்து, வரிசைக்கு மூன்று எண்ணாக மொத்தம் 63 எண்களைக் கூட்டி எழுதி, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டும். எட்டுக் கட்டத்துக்கு ஓர் எண்; கட்டங்களுக்கு இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு, நிரம்பியவற்றை மட்டும் கூட்ட வேண்டும். இரு ஓரம் மட்டும் நிரம்பியிருந்தால் 128உம் 1உம் சேர்ந்து 129. கத்தியின் நுனியை ஒரு கட்டம் கீழே இறக்கிப் பார்த்தேன். மரம் சீவியவர் தடி ஊன்றிய தாத்தாவாகிவிட்டார்! வண்ணம் கூட்டலாம் என்று பல நிற முறைக்கு மாற்றியபோது, கட்டங்கள் இரட்டை அகலமாகி 24 பாதியாகக் குறைந்தது, ஆளும் அடையாளம் தெரியாமல் போனார். தமிழ் எழுத்தையும் விடவில்லை. ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில், கோட்டுக்குக் கோடு இடைவெளி விட்டால் நான்கு நெடுங்கோடுகளே நிற்கும். ‘ண’ அதற்குள் அடங்கவில்லை. இரண்டு எழுத்தின் இடத்தை அதற்குக் கொடுத்தேன். இவற்றில் எதையும் இயந்திரம் எனக்காக முடிவு செய்து தரவில்லை.

சூசன் கேரின் அந்தக் கட்டத்தாள் படங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2015இல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. நம் போட்டிகளை நடத்துவோர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிக்சல் ஓவியத்துக்குத் தனிப் பிரிவு வைத்து, அச்சிட்ட படத்தோடு கட்டத்தாளில் வரைந்த மூலத்தையும் இணைக்கச் சொன்னாலே போதும். அழித்து அழித்து வரைந்த தடம் அதில் தெரியும். திருப்பி அனுப்பப்பட்ட அந்த மாணவியின் படத்துக்கு அவளுடைய கணக்குப் புத்தகத்தில் ஏழு பக்கம் அப்படி இருக்கிறது. நடுவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.