முறுக்கைக் கடிக்க முடியாத படம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வசனமில்லாப் படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததும், 2018-இல் புதுச்சேரித் தியேட்டர் ஒன்றில் ‘மெர்க்குரி’ பார்த்தது நினைவுக்கு வந்தது. பிரபுதேவா படமாச்சே, டான்ஸ் இருக்கும் என்று வந்தவர்கள் பாதிப்பேர். பத்தே நிமிடத்தில் ஒருவர், “எப்பய்யா பேசுவாங்க?” என்று கத்த, ஒரே சிரிப்பு. அப்புறம் மெல்ல அடங்கியது. எனக்குப் பின்னால் முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்தவருக்கு அந்தச் சரசரப்பே கூச்சமாகிவிட்டது போல. கடிக்காமல் வாயில் ஊறவைத்தே தின்று முடித்தார்.

1987-இல் வந்த, பெயருக்கு மாறாக வசனமே இல்லாத கமல் படமான ‘பேசும் படம்’ கடலூரில் பார்த்தபோது கதையே வேறு. கொலைகாரனின் பனிக்கட்டிக் கத்தி உருகும் காட்சிக்குக் கொட்டகையே சிரிப்பில் குலுங்கியது. பக்கத்து இருக்கைப் பாட்டி, கமல் பேசாததை எல்லாம் தானே பேசிக்கொண்டு வந்தார். யாரும் அதட்டவில்லை, எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

இன்று பேச்சு நின்றால் செல்போன் வெளிச்சம்தான் தெரிகிறது. சரி, ஒரு வேண்டுகோள்: புதுச்சேரியில் அரசு நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவில் ‘பேசும் படம்’ ஒரு காட்சி போடுங்கள். பேரனோடு வருகிறேன்.

– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி