தென் அமெரிக்காவைப் பட்டியலாகப் போடாதீர்கள்

புவியியல் பாடநூல் எழுதுபவர்களுக்கும் அட்லஸ் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் புத்தகங்களில் தென் அமெரிக்கா வருகிற அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல். எந்தப் பதிப்பைத் திறந்தாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. நிலத்தின் மேல் உலகிலேயே நீளமான மலைத்தொடர் ஆண்டிஸ், அதிக நீர் பாயும் ஆறு அமேசான், உயரமான அருவி ஏஞ்சல், துருவங்களை விட்டால் மிக வறண்ட பாலைவனம் அடகாமா. ஓரத்தில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஆறேழு சாதனைகள். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், 'பொருத்துக' கேள்விக்கு மதிப்பெண் வாங்குகிறார்கள், தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறார்கள்.

தகவலில் தவறு இல்லை. ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லாதது போல அவை கிடக்கின்றன. அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் ஒரே மலைத்தொடரின் வேலை. அதைச் சொல்ல அரைப் பக்கம் போதும்.

பசிபிக்கின் அடியில் இருக்கும் நாஸ்கா தட்டு (பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்று), தென் அமெரிக்கத் தட்டுக்குக் கீழே செருகிக்கொண்டே இருக்கிறது. அந்த நெருக்கலில் எழுந்ததுதான் வெனிசுவேலாவில் தொடங்கிக் கண்டத்தின் தென்கோடி வரை, ஏழு நாடுகளில் சுமார் 7,000 கிலோமீட்டர் நீளும் ஆண்டிஸ். அதிலுள்ள அகோன்காகுவா 6,961 மீட்டர். ஆசியாவை விட்டு வெளியே வந்தால் இதைவிட உயரமான சிகரம் கிடையாது. உங்கள் பாடம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இவ்வளவு உயரமான மலை இவ்வளவு நீளத்துக்கு வடக்கு தெற்காகக் குறுக்கே நின்றால், கடலிலிருந்து வரும் காற்று என்ன ஆகும்? சுவாரஸ்யமான பாடம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. அட்லாண்டிக்கில் அள்ளிய ஈரத்தை அமேசான் காட்டின் மேல் மழையாகக் கொட்டுகிறது. காடு அந்த நீரில் பெரும் பங்கை இலைகள் வழியே மறுபடி காற்றுக்கே திருப்பிவிட, கொஞ்சம் மேற்கே போய் அது திரும்பவும் மழையாகிறது. பிரேசில் ஆய்வாளர் எனீயாஸ் சலாட்டி, மழைநீரில் உள்ள ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து 1970களில் இதைக் காட்டினார். கடைசியில் அந்தக் காற்று ஆண்டிஸில் முட்டி, கிழக்குச் சரிவிலேயே மிச்ச ஈரத்தையும் இறக்கிவிடுகிறது. மலைக்கு அப்பால் போவது காய்ந்த காற்று. பசிபிக் பக்கம் கடலும் உதவிக்கு வருவதில்லை. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கரையோரக் காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று மேலே எழும்பாது. மூடுபனி வரும், மழை வராது. சுமார் ஒரு கோடி மக்கள் வாழும் பெருவின் தலைநகர் லிமா கடலோரத்தில் இருந்தும் அங்கே மழை என்பது பெயருக்குத்தான். இன்னும் தெற்கே, சிலியின் வடபகுதியில், மேலடுக்குகளிலிருந்து இறங்கும் வறண்ட காற்றும் இவற்றோடு சேர்ந்துகொள்ள, அடகாமா உருவாகிறது. அந்தப் பக்கம் மூடுபனியை வலை கட்டிப் பிடித்துக் குடிநீர் எடுத்த ஊர்கள் உண்டு.

அப்படியே தெற்கே இறங்கினால் கதை தலைகீழாகிறது. கண்டத்தின் தென்பகுதியான படகோனியாவில் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அதனால் அங்கே சிலியின் பக்கம் மழைக்காடும் பெரும் பனிப்படலமும், அர்ஜென்டினாவின் பக்கம் வறண்ட புல்வெளி. பெரிட்டோ மொரேனோ பனியாறு அர்ஜென்டினாவில் இருந்தாலும், அதற்குப் பனி வந்து சேர்வது மலை முகட்டில் உள்ள தென் படகோனியப் பனிப்படலத்திலிருந்து. கிழக்கே சற்று நகர்ந்தாலே புழுதி பறக்கும் நிலம். மழை மறைவுப் பகுதி என்றால் என்னவென்று விளக்க உலகில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே மலை, வடக்கே மேற்குப் பக்கத்தைக் காய வைக்கிறது, தெற்கே கிழக்குப் பக்கத்தை. இதை ஏன் ஒரு வரிகூட எழுதாமல் விடுகிறீர்கள்?

'எல்லா இடத்துக்கும் இது பொருந்தாதே' என்று யாராவது சொல்லலாம். சரிதான். கொலம்பியாவின் சோக்கோ பகுதி ஆண்டிஸுக்கு மேற்கே இருக்கிறது, ஆனால் உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கே கடல் வெதுவெதுப்பானது, பசிபிக்கிலிருந்தே ஈரக்காற்று உள்ளே வந்து மலையில் முட்டுகிறது. இந்த விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளை இதைத்தான் முதலில் கேட்கும்.

அடுத்து ஆறு. நைலா அமேசானா, எது நீளம் என்ற சண்டைக்கு ஒவ்வொரு பதிப்பிலும் மை செலவாகிறது. ஆறு எங்கே தொடங்குகிறது என்று யார் எப்படி முடிவு செய்கிறார்களோ அதற்கேற்ப விடை மாறும், விட்டுவிடலாம். அமேசானின் வியப்பு நீளத்தில் இல்லை. வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன மீட்டர் நீரை அது கடலில் சேர்க்கிறது. ஆற்று வழியாகக் கடலிலிருந்து சுமார் 3,700 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் பெருவின் இக்கிடோஸ் நகரம், கடல் மட்டத்துக்கு மேல் நூறு மீட்டர் அளவு உயரத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு தட்டையான நிலம். கடல் கப்பல்கள் அதுவரை போகின்றன. பிரேசிலின் மனாவுஸ் நகரம் அருகே, கிளையாறான ரியோ நீக்ரோவின் கருநீரும், அமேசானின் மேற்பகுதியான சோலிமோயிஸின் மண்ணிற நீரும் உடனே கலக்காமல் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் அருகருகே ஓடுகின்றன. வேகம், வெப்பம், அடர்த்தி மூன்றும் வேறு. சோலிமோயிஸின் நிறம் ஆண்டிஸிலிருந்து கரைந்துவந்த வண்டல். நீக்ரோவுக்கு நீர் தருவது வண்டல் அதிகம் இல்லாத பழைய பாறை நிலமும் இலைமக்கும். நீரின் நிறத்தை வைத்தே நிலத்தின் வயதைப் பேசலாம். உங்கள் அட்லஸிலோ இரண்டும் ஒரே நீலக் கோடு. ஆண்டிஸ் எழுந்து வழியை அடைப்பதற்கு முன், இந்த வடிநிலத்தில் கிழக்கு நோக்கி இப்படி ஓர் ஆறே ஓடவில்லை. நீரில் பெரும்பகுதி வேறு திசையில் போனது.

மலையில் முட்டும் ஈரம் முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடுவதும் இல்லை. ஒரு பகுதி மலையோரமாகத் தெற்கே திரும்பி, பராகுவே, தெற்கு பிரேசில், வட அர்ஜென்டினா வரை மழையாகிறது. பறக்கும் ஆறுகள் என்று அதைச் சொல்கிறார்கள். அமேசான் காட்டுக்கும், வெகு தொலைவில், பிரேசில்-அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் இகுவாசு அருவிப் பக்கத்து மழைக்கும் உறவு இருப்பது இப்படித்தான். இகுவாசு விழும் பாறை வேறு கதை. கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்தபோது, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைக் குழம்பு அது. அதே பாறை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நமீபியாவிலும் கிடக்கிறது.

ஏஞ்சல் அருவியை மட்டும் ஆண்டிஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 979 மீட்டர் விழும் அது, ஆண்டிஸைவிட மிகப் பழைய கயானா மேட்டுநிலத்து மணற்கல் பீடம் ஒன்றின் விளிம்பிலிருந்து விழுகிறது. அப்புறம், காசிகியாரே. வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்று நீரில் ஒரு பங்கைப் பிரித்து ரியோ நீக்ரோவில் சேர்க்கும் இயற்கைக் கால்வாய். 1800இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹம்போல்ட் அதன் வழியே பயணம் செய்தார். பல அட்லஸ்களில் அது இல்லவே இல்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. இயற்கை வரைபடத்தின் மேல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அம்புக்குறி போடுங்கள். இரண்டு குறுக்குவெட்டுப் படங்கள் சேருங்கள், ஒன்று லிமா வழியாக, மற்றது பெரிட்டோ மொரேனோ வழியாக. 'பொருத்துக'வுக்குப் பதிலாக, 'லிமாவில் ஏன் மழை இல்லை' என்று கேளுங்கள். சாதனை ஒன்றாவது வேண்டும் என்றால், நிலநடுக்கோட்டை ஒட்டி ஈக்வடாரில் இருக்கும் சிம்போராசோ சிகரத்தைப் போடுங்கள். 6,263 மீட்டர்தான், எவரெஸ்ட்டைவிட மிகக் குட்டை. ஆனால் பூமியின் நடுப்புள்ளியிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அதன் உச்சிதான், ஏனென்றால் நிலநடுக்கோட்டில் பூமி பருத்திருக்கிறது.

இடம் போதாது என்பீர்கள். தலைநகரம், நாணயம் அட்டவணையை எடுத்துவிடலாம். தலைநகரங்கள் எதிர்ப்பக்கத்து அரசியல் வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்படிக்கு,
புவியியல் கற்பிக்கும் ஒரு வாசகர்